ஏற்றம் இல்லாத காடு

எங்கள் புங்கமேட்டுக்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறது, அந்தக் காட்டில் ஏற்றம் கிடையாது, போகும்போதும் இறக்கம், திரும்பி வரும்போதும் இறக்கம். இதைச் சொன்னால் பல்கலைக்கழகத்தில் என்னோடு இயற்பியல் முதுகலை படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும், அவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை வந்து அதே காட்டில் பெடலை மிதிக்காமல் ஐந்து கிலோமீட்டர் போய், மிதிக்காமல் ஐந்து கிலோமீட்டர் திரும்பி வந்து, டீக்கடையில் ஆளுக்கு இரண்டு போண்டா தின்றுவிட்டுப் போனவர்கள்தான்.

முதலில் அது எல்லாக் காட்டையும் போல ஏறி இறங்குகிற காடாகத்தான் இருந்தது. வெண்கரட்டுக் காடு என்று பெயர். பொதுமக்களுக்காக அதைத் திறந்துவிட்டபோது நடக்கிறவர்களுக்குப் பழுப்பு அம்பும் சைக்கிள்காரர்களுக்குச் சிவப்பு அம்பும் போட்ட பலகைகள் வைத்தார்கள், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை என்று வாசலில் எழுதினார்கள், நாங்களும் மூச்சு வாங்க ஏறினோம், முழங்கால் வலிக்க இறங்கினோம். பிறகு தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, முந்தின வருடம் நெஞ்சைக் கிழித்துத் தைத்துக்கொண்ட என் அப்பா கோதண்டம், வழியில் ஒன்பது இடத்தில் உட்கார்ந்து ஏறுகிற என் அப்பா, ஓர் இடத்திலும் உட்காராமல் உச்சிக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றியபடி, "இன்னிக்குப் போறப்பவும் எறக்கமாவே இருந்துது" என்றார். அம்மா, "அப்படியா, இட்லி எத்தனை வைக்கட்டும்?" என்றாள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் அவ்வளவுதான். அதிசயம் என்று யாரும் கையைக் கன்னத்தில் வைக்கவில்லை. டாக்டர் மாத்திரைச் சீட்டின் கடைசி வரியில் "காட்டு நடை, தினம்" என்று எழுத ஆரம்பித்தார், பதினாலு பேர் இருந்த காலை நடையர் சங்கத்தில் நானூறு பேர் சேர்ந்து பச்சைச் சட்டை தைத்துக்கொண்டார்கள், அப்பா செயலாளர் ஆனார், மூட்டுவலிக்காரர்களும் நிறைமாதக்காரிகளும் தோளில் குழந்தையோடு புது மாப்பிள்ளைகளும் காற்றில் போவதுபோலப் போய் வந்தார்கள், பையன்கள் சைக்கிளில் சங்கிலியைக் கழற்றி வீட்டுப் பரணில் போட்டார்கள். சைக்கிள் கடை மீரான் பாய் மட்டும் கடை வாசலில் உட்கார்ந்து, "மிதிக்கிற சாமான் ஒண்ணும் தேயறதில்லம்மா, பிடிக்கிற சாமான்தான் தேயுது" என்று பிரேக் கட்டைகளாக விற்றுத் தள்ளினார். மாசி பிறப்பதற்குள் எங்கள் ஊர்க்காரர்களின் கெண்டைக்கால் மெலிந்துபோயிற்று, பஸ் படியில் ஏறக் கை கொடுக்க ஆள் தேடினார்கள், மாடி வீட்டில் குடியிருந்தவர்கள் கீழ் வீடு பார்த்தார்கள், அதையும் ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டார்கள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையும் சும்மா விடமாட்டேன். பள்ளிக்கூடத்தில் பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஜெயிப்பேன். "சரி, ஏத்தம் எங்கே போச்சு?" என்று வீட்டில் கேட்டேன்.

"காணாமப் போச்சு" என்றார் அப்பா.

"ஒரு பொருளும் சும்மா காணாமப் போகாதுப்பா. இங்கே இல்லைன்னா வேற எங்கேயோ இருக்கு."

"கெடச்சத அனுபவிக்காம கேள்வி கேக்குது பாரு. இதுக்குத்தான் உன்னப் படிக்க வச்சேனா?"

பெனிட்டாவும் அதையேதான் சொன்னாள். பெனிட்டா ஆறாம் வகுப்பிலிருந்து என் தோழி, மாவட்டச் சைக்கிள் அணியில் இருக்கிறாள், பாறையும் வேரும் கிடக்கிற தடத்தில் சைக்கிளைத் தூக்கிப் போட்டு ஓட்டுகிறவள். "மதி, நீ பேசாம பிரேக்கப் புடிச்சுக்கிட்டு வா" என்றாள். நிறைமதி என்கிற என் பெயரை அவள் மட்டும்தான் அப்படிச் சுருக்குவாள். நானும் பேசாமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு போனேன், ஒரு மாதம் போனேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சிவப்பு அம்பு திரும்புகிற இடத்துக்கு அப்பால் தும்பைப்பாறை என்று மலைக்காரர்கள் ஊர் ஒன்று உண்டு, நாற்பது வீடு. எங்களுக்கு அது சைக்கிளைத் திருப்புகிற இடம், அவ்வளவுதான். மாசியில் ஒரு காலை அங்கே திருப்பிக்கொண்டு ஊரைப் பார்த்து வரும்போது எனக்கு முன்னால் ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள், என் வயசு இருக்கும், எட்டு மாத வயிறு, தலையில் நார்த்தங்காய்ப் பை, உடம்பை முன்னால் மடக்கி, முட்டியில் கை ஊன்றி ஊன்றி, செங்குத்தான மலையில் ஏறுகிறவள் மாதிரி. நான் இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்து அவள் பக்கத்தில் உருண்டேன்.

"ஏங்க இப்படி மூச்சு வாங்குது? எறக்கம்தானே?"

"ஒனக்கு எறக்கம்" என்றாள் நிற்காமல். "எனக்கு ஏத்தம்."

"அதெப்படி? ஒரே பாதைதானே?"

"பாதை ஒண்ணுதான். மேல போற ஆளு வேறயில்ல? அந்தச் சக்கரத்தக் கொஞ்சம் அந்தாண்ட ஓட்டு, இடிச்சுப்புடுவ."

அவள் பெயர் சடைச்சி. பன்னிரண்டாவது வரை விடுதியில் தங்கிப் படித்தவள், புருஷன் வெள்ளையன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். அவள் சொன்னதை நான் பிரேக் பிடித்த கை வலிக்க வலிக்கக் கேட்டேன். தை மாதத்திலிருந்து அவர்களுக்கு ஊருக்கு வருவதும் ஏற்றம், வீட்டுக்குத் திரும்புவதும் ஏற்றம். ஒன்றரை மணி நேர வழி ஆறு மணி நேரம் ஆகிறது. மலைக்குப் பின்னால் ஜீப் வந்த மண் ரோட்டை இரண்டு வருடத்துக்கு முன்னால் மழை அடித்துக்கொண்டு போய்விட்டது, இருப்பது இந்த ஒரு வழிதான். காட்டுத் தீக்குப் பயந்து மூன்று நாள் வாசலை மூடியிருந்தபோது மட்டும் பாதை பழையபடி இறங்கியிருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரும் உள்ளே இல்லாவிட்டால் இறங்கும், ஓர் ஆள் இருந்தாலும் ஏறும், ஒரு மழை நாளில் குடை பிடித்த ஒரே ஒரு கிழவர்தான் நடந்தார், அன்றைக்கும் ஏறிற்று.

"அப்போ சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எறங்குமே?"

"எறங்கும். கரடியும் எறங்கும். வர்றியா, சேந்து போலாம்?"

"இதை ஏன் ஊருக்குள்ள வந்து சொல்லல நீங்க?"

சடைச்சி முதல் தடவையாக நின்றாள். "சொன்னமே. பச்சச் சட்ட போட்ட பெரியவரு, நெஞ்சுல தையல் இருக்குமே, அவருகிட்டதான் எங்கண்ணன் சொன்னான். தண்ணி குடுத்தாரு. யோசிச்சுச் சொல்றேன்னாரு. ரொம்ப நல்ல மனுசன்."

அன்றைக்கு வீட்டில் நான் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றி, கழுத்திலிருந்து இறங்கிய தையலைக் காட்டினார். "இதப் போட்டப்ப ஆஸ்பத்திரி வராந்தாவுல நீ உருண்டு அழுதியே, மறந்துட்டியா? நான் தினம் நடந்தாத்தான் இருப்பேன். ஏறினா இருக்கமாட்டேன். இப்பச் சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?" எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஜெயிக்கிறவள் நான், கிட்டே போய் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன். பிறகு, "அவங்களும் இருக்கணும்ல?" என்றேன்.

பங்குனியில் சடைச்சிக்கு ஒன்பது மாதம். வயிற்றில் பிள்ளை தலை திரும்பாமல் கால் கீழாக இருக்கிறது, ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று ஊர் ஊராக வருகிற நர்ஸம்மா சொல்லிவிட்டாள். அந்த வயிற்றோடு ஆறு மணி நேரம் ஏற முடியாது. கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டித்தான் தூக்கி வரவேண்டும், ஏற்றத்தில் என்றால் அதற்குப் பன்னிரண்டு ஆள் மாற்றி மாற்றித் தோள் கொடுக்க வேண்டும், ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் குடகில். வெள்ளிக்கிழமை வெள்ளையன் வருகிறான், வந்ததும் இறக்கிவிடலாம் என்று அவர்கள் பேச்சு. நான் சொன்னேன், "திங்கள்லேர்ந்து ஏழு நாள், எங்க ஊர் ஆள் ஒருத்தர்கூடக் காட்டுக்குள்ள வரமாட்டாங்க. நான் பாத்துக்கறேன். ரெண்டே ஆள் போதும், தூளிய ஆட்டிக்கிட்டே வந்துருவீங்க."

"நெசமாத்தானா?" என்றாள் சடைச்சி.

"நான் பேசி ஜெயிக்காத எடம் இல்ல."

ஜெயிக்கவும் செய்தேன். கல்யாண மண்டபத்தில் சங்கக் கூட்டம் கூட்டி, நானூறு பச்சைச் சட்டைகளுக்கு முன்னால் ஒன்றே கால் மணி நேரம் பேசினேன், நாம் அனுபவிக்கிற ஒவ்வோர் அடி இறக்கத்துக்கும் யாரோ ஒருத்தி ஓரடி ஏறுகிறாள் என்றேன், பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள், ஜவுளிக்கடை முதலாளி எழுந்து நின்று கை தட்டினார். ஏழு நாளுக்குக் காட்டை மிதிப்பதில்லை என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று. வெறும் தீர்மானம் போதாது என்று அவர்களே ஒரு தாம்பாளத்தில் கற்பூரம் ஏற்றினார்கள், எங்கள் பக்கத்தில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒருவர் அடிக்க, அடுத்தவருக்குப் புதுக் கட்டி வைக்க, முதல் ஆளாக அடித்தவள் பெனிட்டா, பிறகு அப்பா, பிறகு வரிசையாக எல்லோரும். என் முறை வந்தபோது நான், "எனக்குக் கற்பூரத்துல நம்பிக்கை இல்ல, என் வார்த்தையே போதும்" என்றேன். அதற்கும் கை தட்டினார்கள்.

திங்கள் காட்டில் ஆள் இல்லை. செவ்வாய் ஆள் இல்லை. வாசலில் மயில் வந்து நின்றதாகச் சொன்னார்கள். புதன்கிழமை காலை சடைச்சியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். வாசல் வழியாகப் போனால் ஊர் பார்க்குமே என்று கம்பி வேலி பிய்ந்த இடத்தில் நுழைந்தேன். நான் நடைப்பயிற்சிக்கா போனேன், சைக்கிள் ஓட்டவா போனேன்? அவளுக்காகத்தான் போனேன்.

தும்பைப்பாறையில் சடைச்சி வீட்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள், பிறகு என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் கிடந்த பாதையை ரொம்ப நேரம் பார்த்தாள். புருஷன் வருகிறானா என்று பார்க்கிறாள் என நினைத்துக்கொண்டேன். ஒரு லோட்டா கஞ்சி கொடுத்தாள். "ஒங்கப்பா நடக்காம நல்லா இருக்காரா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவளுக்கு வலி வந்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டது.

ஊரில் தோள் கொடுக்க இருந்தது நாலே ஆண்கள். அவள் அண்ணன் சின்னான் என்னைப் பார்த்தான். "எறக்கம்தானே, ரெண்டு பேரே போதும், கெளம்புங்க" என்று நான்தான் அவசரப்படுத்தினேன். தூளி கட்டித் தூக்கினார்கள். முதல் அடியிலேயே முன்னால் இருந்தவனின் முதுகு வளைந்தது. பாதை ஏறிக்கொண்டிருந்தது.

"யாரோ உள்ள வந்துருக்காங்க!" என்று கத்தினேன். கம்புக்கு நானும் தோள் கொடுத்துப் பார்த்தேன், கம்பு என் பக்கம் தாழ்ந்து பின்னால் இருந்தவன்மேல் முழுப் பாரமும் போயிற்று, சின்னான் மெதுவாக, "விட்டுருங்க தாயி, நாங்க பாத்துக்கறோம்" என்றான். சடைச்சி போர்வைக்குள்ளிருந்து, "போயி யாருன்னு பாரு புள்ள, வெளிய அனுப்பு" என்றாள். நான் ஓடினேன்.

முதல் வளைவில் பெனிட்டா. தலைக்கவசம், கையுறை, எல்லாம் போட்டுக்கொண்டு பாறைமேலிருந்து சைக்கிளோடு குதித்து என் முன்னால் வந்து நின்றாள்.

"சத்தியம் பண்ணினியேடி!"

"ஒரே ஒரு ரவுண்டு மதி. சனிக்கிழமை மாநில அணிக்குத் தேர்வு இருக்கு, தெரியாதா உனக்கு? ஊரே வெளிய இருக்கு, நான் ஒருத்தி போனா என்ன ஆயிடும்னு..."

"ஒருத்தர் போதும்னு ஒன்றே கால் மணி நேரம் பேசினேனே, அப்ப எங்கடி இருந்த?"

"முன்வரிசைல இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

அடுத்து ஜவுளிக்கடை முதலாளி, சர்க்கரை ஏறிவிட்டதாம். அடுத்து யோகா வாத்தியாரும் அவர் மனைவியும், அவர்கள் நடக்கவில்லையாம், மூச்சுப் பயிற்சி மட்டும்தானாம். அடுத்து இரண்டு பேர், ஒரு பையனும் ஒரு பெண்ணும், காட்டை விட்டால் அவர்களுக்கு ஊரில் உட்கார வேறு இடம் இல்லையாம். கடைசியில் பழுப்பு அம்புக்குக் கீழே, பச்சைச் சட்டை இல்லாமல் வெள்ளை பனியனோடு, என் அப்பா.

"நடக்க வரலம்மா" என்றார் என்னைப் பார்த்ததும். "செயலாளர் இல்லியா நானு. யாராவது உள்ள வந்துட்டாங்களான்னு பாக்கத்தான் வந்தேன்."

ஏழு பேர். ஏழு பேரும் வேலி பிய்ந்த வேறு வேறு இடத்தில் நுழைந்தவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததும் வெட்கப்படவில்லை, கோபப்பட்டார்கள், "நீங்களுமா?" என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறை. நான் என் அப்பாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தேன், நெஞ்சில் தையல் போட்ட மனிதரை இழுத்தேன், இழுப்பதற்குச் சிரமமே இல்லை, எல்லாம் இறக்கம்தானே. "துரோகி" என்றேன். பெற்ற அப்பாவைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னேன், இன்றைக்கும் திரும்ப வாங்கிக்கொள்ளமாட்டேன். ஏழு பேரையும் வாசலுக்கு வெளியே தள்ளி, பெனிட்டாவிடம், "ஆம்புலன்ஸைக் கூப்பிடு, இங்கேயே நில்லு, ஒரு ஈ உள்ள வரக்கூடாது" என்றேன். அவள் தலையாட்டினாள்.

பிறகு திரும்ப உள்ளே ஓடினேன். கால் தரையில் பாவவில்லை, அத்தனை வேகம், அத்தனை சந்தோஷம், நீதி ஜெயித்துவிட்ட சந்தோஷம். அவர்கள் நான் விட்டுவந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம்கூட வந்திருக்கவில்லை. தூளியை இறக்கி வைத்துவிட்டு நாலு பேரும் நாய் மாதிரி இளைத்துக்கொண்டிருந்தார்கள். போர்வையின் அடியில் ஈரம் சிவப்பாக இருந்தது.

"எல்லாரையும் வெளிய அனுப்பிட்டேன்!" என்றேன். "ஏழு பேரு. தூக்குங்க, இப்ப எறங்கும்."

தூக்கினார்கள். ஓரடி வைத்தார்கள். முன்னால் இருந்தவனின் முதுகு வளைந்தது.

"இன்னும் யாரோ இருக்காங்க" என்றேன். "எட்டாவதா ஒரு ஆள் எங்கேயோ ஒளிஞ்சிருக்கு. இருங்க, நான் போயி..."

சின்னான் தரையைப் பார்த்தான். மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். போர்வையை விலக்கிக்கொண்டு சடைச்சியின் முகம் வெளியே வந்தது, உதடு வெளுத்திருந்தது, அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"ஏம்புள்ள," என்றாள், "நீ எந்த ஊரு?"

"புங்கமேடு" என்றேன்.

"காலைல நீ வந்தப்பவே தெரிஞ்சுது" என்றான் சின்னான், தரையைப் பார்த்தபடியே. "எங்களுக்காக இம்புட்டுப் பேசுன புள்ளகிட்ட எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டோம் தாயி."

நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது, வழியெல்லாம் இறக்கமாக இருந்தது, அது மட்டும் தெரியும். வாசலைத் தாண்டி ரோட்டில் போய் விழுந்தேன். ஏழு பேரும் அங்கேயே நின்றிருந்தார்கள். அப்பா தண்ணீர் பாட்டிலை நீட்டினார், நான் வாங்கவில்லை, பிறகு வாங்கினேன். "நீ எதுக்கும்மா உள்ள போன?" என்று ஜவுளிக்கடை முதலாளி கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. வாசலுக்கு இந்தப் பக்கம் எட்டுப் பேர் வரிசையாக நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆம்புலன்ஸ் வந்தது. பாதை இப்போது அவர்களுக்கு இறங்கும், ஒருவரும் உள்ளே இல்லை, நாலு பேரும் தூளியோடு ஓடி வருவார்கள், ஓடினால் அரை மணி நேரம்.

அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு பழுப்பு அம்புக்கு அப்பால் கம்பின் நுனி தெரிந்தது. இரண்டே பேர்தான் தூக்கி வந்தார்கள், மற்ற இரண்டு பேரும் கைவீசிப் பின்னால் வந்தார்கள், பாதை அவ்வளவு நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது, சின்னான் ஒரு கையால்தான் கம்பைப் பிடித்திருந்தான். சடைச்சி தூளிக்குள் உட்கார்ந்திருந்தாள். மடியில் போர்வை நுனியைச் சுருட்டி எதையோ பொதிந்து வைத்திருந்தாள், அதை ஆட்டவில்லை, குனிந்து பார்க்கவும் இல்லை.

ஆம்புலன்ஸ்காரர் கதவை விரியத் திறந்து, "ஓடியாங்க, சீக்கிரம், சீக்கிரம்!" என்று கையைக் காட்டினார்.

அவர்கள் சீக்கிரம் வரவில்லை. மெதுவாக, வழி பார்த்து, கால் பார்த்து இறங்கி வந்தார்கள்.